விதைப்புழு

முட்டை வண்டி ஓட்டுகிறவர்தான் ஒருநாள் விளையாட்டாகப் புழுக்கா என்று கூப்பிட்டார். புழு வளர்க்கிற அக்கா, அவ்வளவுதான். மறுநாள் கூண்டு கழுவுகிறவர்கள் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் கூடப்பிறந்த தம்பியே கூப்பிட்டான். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் மிச்சமிருந்தது.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு, தம்பி வீட்டுக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தவள் அவள். முதுகுக்குப் பின்னால் சொல்லப்படும் சில வார்த்தைகளுக்கு, முகத்துக்கு நேராகச் சொல்லும் புழுக்கா எவ்வளவோ மேல்.

தம்பிக்கு மூவாயிரம் முட்டைக்கோழிகள் இருந்தன. இரண்டு நீளக் கொட்டகைகள், நடுவில் தீவனம் அரைக்கும் அறை, பின்னால் எருக்குழி, முன்னால் வீடு. முட்டை பிரிப்பதுதான் அவளுக்குத் தரப்பட்ட வேலை. கீறல் விட்டது, ஓடு மெலிந்தது, அழுக்கானது என்று தனித்தனி அட்டைகளில் அடுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. ஆனால் அவள் கை முட்டையில் இருந்தாலும் கண் கோழிகள் மேலேயே இருக்கும். எந்தக் கூண்டில் எவள் சோர்ந்திருக்கிறாள், எவள் பக்கத்தவளை மிரட்டுகிறாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வருஷம் தீவனத்தில் கலக்க வந்த கருவாட்டுத் தூளில் பாதி மணலாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு கரித்தது. தம்பி வியாபாரியிடம் கத்தினான்; வியாபாரி திருப்பிக் கத்தினார்; அடுத்த மூட்டையும் அதே மணலோடு வந்தது. சத்துப் போதாமல் கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. முதலில் வால் இறகு, பிறகு தோல், ரத்தம் தெரிந்துவிட்டால் கூண்டே சேர்ந்து கொத்தும். காலையில் கொட்டகைக்குள் போனால் இரண்டு மூன்றாவது செத்துக் கிடக்கும்.

ஒரே ஒரு கோழி மட்டும் பளபளவென்று இருந்தது. கூண்டின் கம்பி விட்டுப்போய் வெளியே தப்பி, பிடிக்க ஆளில்லாமல் எருக்குழிப் பக்கம் திரிந்துகொண்டிருந்த கோழி அது. அது என்னதான் தின்கிறது என்று பார்க்கப் போனவள், எருவைக் காலால் கிளறிக் கொழுத்த புழுக்களைப் பொறுக்கி விழுங்குவதைப் பார்த்தாள். அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். அன்று முட்டை வண்டி அரைமணி நேரம் காத்திருந்தது.

அங்கிருந்து ஆறு வருஷம். புழு என்றால் எல்லாப் புழுவும் ஒன்றில்லை என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆனது. வீட்டு ஈயின் புழு வியாதியைக் கொண்டுவரும். அவளுக்கு வேண்டியது வேறொன்று. குளவி மாதிரி நீளமாக, கருப்பாக, அவசரமே இல்லாமல் பறக்கிற ஈ. அது சோற்றில் உட்காராது, கடிக்காது, கொட்டாது. பறக்கத் தொடங்கிய பிறகு தீனியே எடுக்காது. கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும். ஒரு வாரம் வாழ்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும். தின்பதையெல்லாம் புழுவாக இருக்கும்போதே தின்று முடித்துவிடுகிறது. சந்தையில் ஒதுக்கிய அழுகல் காய், பழச்சாறுக் கடைத் தோல், சாப்பாட்டுக் கடை மிச்சம், எது கொடுத்தாலும் சலசலவென்று தின்னும். தொட்டியருகே காதை வைத்தால் மழை தூறுவது போலக் கேட்கும்.

முட்டை வைக்க அட்டைப் பெட்டியின் ஓட்டைகள் பிடிக்கும் என்று கண்டுபிடித்தாள். வெயில் படாவிட்டால் ஜோடி சேராது என்று கண்டுபிடித்தாள். முற்றிய புழு தானாகவே சரிவில் ஏறி வெளியே வரும், கீழே வாளி வைத்தால் அதுவே வந்து விழும் என்று கண்டுபிடித்தாள். இந்தக் கடைசி விஷயத்தைக் கண்டுபிடித்தது அவளில்லை, தம்பி மனைவி. ஒரு மழை நாளில் தொட்டியில் தண்ணீர் ஏறி, ஆயிரக்கணக்கான புழுக்கள் சுவரேறி, முற்றம் கடந்து, சமையலறைக்குள் வரிசையாக நுழைந்தன. தம்பி மனைவி மாவு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் போட்ட சத்தத்தில் மூவாயிரம் கோழியும் ஒரு நிமிஷம் அடங்கிவிட்டதாகப் பண்ணையில் பல மாதம் சொல்லிச் சிரித்தார்கள்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து புழுக்காவுக்குத் தட்டும் தம்ளரும் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டன. குளித்துவிட்டு வந்தாலும் "அண்ணி, நீங்க அங்கயே இருங்க, நான் எடுத்துட்டு வந்து தர்றேன்" என்று தம்பி மனைவி வாசற்படியில் வைத்தே சாப்பாட்டைக் கொடுத்தாள். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. பேச்சில் தேன், கையில் தூரம்.

புழுக்கா ஐம்பது கோழிகளைத் தனியாகப் பிரித்து, காயவைத்து அரைத்த புழுவைக் கருவாட்டுத் தூளுக்குப் பதிலாகக் கலந்து கொடுத்தாள். நான்கு மாதத்தில் அந்த ஐம்பதில் ஒன்றுகூடக் கொத்துப்பட்டுச் சாகவில்லை. ஓடு கெட்டியாக இருந்தது. மஞ்சள் கரு நல்ல நிறத்தில் இருந்தது. அந்தக் கூண்டு முட்டைகளை ஒரு நாள் தம்பி கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். ஒன்றை உடைத்துக் கருவைப் பார்த்தான். பிறகு, இதை மூவாயிரத்துக்கும் செய்ய முடியுமா என்று கேட்டான்.

அவள் அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதன்முதலாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

தம்பி கெட்டவன் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். அக்கா பெட்டியோடு வந்து நின்றபோது ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவன் அவன். ஆனால் அவனுக்கு வாய் இருந்தது. வாய் உள்ளவனுக்குக் கேட்க நாலு பேர் கிடைத்துவிட்டால், சொல்லுகிற விஷயம் யாருடையது என்பது மறந்துபோகும். மூவாயிரம் கோழியும் புழுத் தீவனத்துக்கு மாறி, முட்டை ஏறி, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எட்டிப்பார்க்கத் தொடங்கியபோது, "நான் ஒரு நாள் எருக்குழிப் பக்கம் போனேன்" என்று அவன் கதையை ஆரம்பிப்பதை அவளே கேட்டாள். முதல் தடவை கேட்டபோது சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை, அந்தக் கோழியின் நிறத்தையும் அவன் சொன்னான். நிறம் தப்பு.

கோழிப் பண்ணையாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். அவளையும் அழைத்துப் போனான். காயவைத்த புழு நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வர ஆள் வேண்டுமே. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தம்பி நன்றாகத்தான் பேசினான். கேள்வி நேரத்தில் ஒரு பெரிய மனிதர் எழுந்து, மழைக்காலத்தில் நாலு நாள் வானம் மூடாக்குப் போட்டால் ஈ முட்டை வைப்பதில்லையே, என்ன செய்வது என்று கேட்டார். தம்பி ஒரு கணம் திணறினான். அதற்கு ஒரு மருந்து இருக்கிறது, தெளித்தால் சரியாகிவிடும் என்றான்.

அவளுக்கு அடக்க முடியவில்லை. மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள்.

"மருந்தெல்லாம் வேணாங்க. மருந்து அடிச்சா எல்லாம் செத்துரும். வெளிச்சம்தான் வேணும். நாலு நாள் பொறுத்தா வெயில் வந்ததும் தானா வைக்கும். அதுவரைக்கும் கூட்டுப்புழுவைக் குளுமையில வெச்சுருந்தா ஈயாகாம தாங்கும்."

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெரிய மனிதர் அதைக் குறித்துக்கொண்டார். மேடையிலிருந்து தம்பி சிரித்தான். எங்க அக்காதான், கூடமாட ஒத்தாசை பண்ணுவாங்க என்றான்.

திரும்பி வரும்போது வண்டியில் தம்பி சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான். பண்ணை வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னான்: "நாலு பேர் முன்னாடி என்னை மட்டம் தட்டணும்னு எத்தனை நாளா நெனச்சுட்டிருந்த?"

அவள் குடுவைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள்.

அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தீவனக் கம்பெனிக்காரர் அடுத்த மாதம் பண்ணைக்கு வந்தார். வாரம் ஒரு டன் காய்ந்த புழு வேண்டும் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலத் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பண்ணையை ஈடாக எழுதிக் கொடுத்து, கம்பெனி தந்த சிமெண்டுத் தொட்டிகளையும் உலர்த்தும் இயந்திரத்தையும் இறக்கினான். பழைய கீற்றுக் கொட்டகை போய்த் தகரக் கூரை வந்தது. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஈக்களை அடைத்திருந்த கூண்டின் மேல் வெயில் விழவில்லை. கூரையில் நாலு இடத்தில் கண்ணாடித் தகடு போடச் சொல்லி அவள் மூன்று தடவை கேட்டாள். ஆகட்டும் என்றார்கள்.

ஈ முட்டை குறைந்ததைப் பார்த்து அவளாக ஒரு வழி செய்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்காரம்மா இருந்தாள். புழுக்காவுக்கு வாய்த்த ஒரே சிநேகிதி. அவள் வீட்டு மொட்டைமாடியில் நாளெல்லாம் வெயில். பழைய கொசுவலையைத் தைத்துக் கூண்டாக்கி, நல்ல கூட்டுப்புழுவாகப் பொறுக்கி அங்கே விட்டாள். அங்கே வைத்த முட்டைகளைத் துணியில் முடிந்து பண்ணைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோவாள். விதைப்புழு என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். நெல்லுக்கு விதைநெல் போல. தம்பியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அவன்தான் அப்போது பேச்சுக் கொடுப்பதையே நிறுத்தியிருந்தானே.

வாரம் ஒரு டன் என்பது சொல்லச் சுலபம். சந்தைக் கழிவு போதவில்லை. தம்பி எங்கெங்கோ அலைந்து, ஒரு பழக் கிடங்கிலிருந்து இரண்டு லாரி அழுகல் பழம் கொண்டுவந்து கொட்டினான். குவியலில் ஒரு ஈ இல்லை. அழுகின பழத்தின் மேல் ஈ மொய்க்காமல் இருக்குமா? புழுக்கா ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்தாள். இனிப்புக்கு அடியில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி.

அவளுக்கு ஒரு விதி உண்டு. புதிதாக எந்தக் கழிவு வந்தாலும் முதலில் ஒரே ஒரு தட்டுப் புழுவுக்குக் கொடுத்து மூன்று நாள் பார்க்க வேண்டும். அதைத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வருகிறார், மூன்று நாளெல்லாம் கிடையாது என்றான் தம்பி. அவள் குவியலுக்கு முன்னால் போய் நின்றாள். வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"தள்ளிக்கக்கா."

"மூணு நாள்தான் கேக்கறேன். ஒரு தட்டு. செத்தா ஒரு தட்டோட போகும்."

"இது என் பண்ணை," என்றான் தம்பி. சத்தம் போடவில்லை. வேலைக்காரர்களுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் சொன்னான். "ஒண்ட வந்தவங்க ஒண்டிக்கிட்டு இருந்தா எல்லாருக்கும் நல்லது."

அவள் தள்ளிக்கொண்டாள். எல்லாத் தொட்டியிலும் கொட்டினார்கள். ஈக்களை முட்டை வைக்க இழுப்பதற்காகக் கூண்டுக்கு அடியில் வாசனைக்கு வைக்கிற சட்டியிலும் அதையே நிரப்பினார்கள்.

விடிந்தபோது தூறல் சத்தம் இல்லை. அவள் முதலில் அதைத்தான் கவனித்தாள். புழுக்கள் தொட்டிச் சுவரில் பாதி தூரம் ஏறி அங்கேயே ஒட்டிக் கிடந்தன. கீழே கிடந்தவை வளைந்து சுருண்டு கிடந்தன. கையை விட்டுக் கிளறினாள், அடிவரைக்கும் அசைவில்லை. கூண்டு ஈக்கள் சட்டியைச் சுற்றி மிளகு கொட்டியது போல உதிர்ந்திருந்தன. ஆறு வருஷம். எத்தனையோ தலைமுறை. எல்லாம் ஒரே ராத்திரியில்.

தம்பி வந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த மூளை வேலை செய்யத் தொடங்கியது. செத்த புழுவும் புழுதானே, உலர்த்தி மூட்டை கட்டிவிடலாம் என்றான். புழுக்கா சுண்ணாம்பு மூட்டையை இழுத்து வந்து, ஒவ்வொரு தொட்டியாகக் கொட்டிக்கொண்டே போனாள். ஒரு வேலைக்காரரும் அவளைத் தடுக்கவில்லை. தம்பியும் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வந்தார். புழுக்கா முட்டை அட்டையைச் சுமந்துகொண்டு கொட்டகைக்கு வெளியே வந்தபோது தம்பி அவரோடு தொட்டியருகே நின்றிருந்தான். அவள் வந்ததை அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பிறகு எந்நாளும் ஆறவில்லை.

"அக்காவோட பொறுப்புல விட்டிருந்தேன் சார். வயசாயிருச்சு, பார்வையும் கொஞ்சம் மங்கல். என்ன ஏதுன்னு பாக்காம கொட்டிட்டாங்க. சொந்த அக்கா, என்ன சொல்ல முடியும்?"

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நூறு முட்டையில் கீறல் விட்டதை எட்டடி தூரத்திலிருந்து சொல்லுவாள்.

கம்பெனிக்காரர் நல்ல மனிதர்தான். அவள் பக்கம் திரும்பி, பரவாயில்லம்மா, தப்பு யாருக்கும் நடக்கும் என்றார். விதைக்கு ஒரு கைப்பிடி இருந்தால்கூட ஒன்றரை மாதத்தில் மறுபடி பெருக்கிவிடலாம், அதுவரை கம்பெனி பொறுத்துக்கொள்ளும் என்றார். பிறகு அவளையே கேட்டார்.

"எங்கயாவது விதைப்புழு மிச்சம் இருக்காம்மா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். மொட்டைமாடியில் அந்த நேரம் வெயில் நன்றாக ஏறியிருக்கும். ஈக்கள் ஜோடி சேருகிற நேரம்.

"இல்லீங்க," என்றாள்.

ஒரே வார்த்தை. சொல்லும்போது பயமாகக்கூட இல்லை. முட்டை அட்டையைக் கீழே வைக்காமலேயே சொன்னாள். இரண்டு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், அவன் கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். இரண்டு நாள்.

கருவாட்டுத் தூள் வியாபாரியைத் தம்பி எப்போதோ பகைத்துக்கொண்டிருந்தான். புழு இருக்கிற திமிரில் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியவன் இப்போது ஆள் விட்டுக் கேட்டபோது, அவர் தூள் தர மறுத்து அதே வாசல் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். தவிடும் சோளமும் மட்டுமே தின்ற கோழிகள் மறுபடி கொத்த ஆரம்பித்தன. புழுக்கா காலையில் ஊதா மருந்தும் பஞ்சுமாகக் கூண்டு கூண்டாகப் போவாள். ரத்தம் வந்த இடத்தில் தடவுவாள். தடவிய கையோடு மதியம் மாடிக்குப் போவாள். அங்கே புழுக்கள் கொழுகொழுவென்று, கேட்பாரில்லாமல் பெருகிக்கொண்டிருந்தன. இடம் போதாமல் தையல்காரம்மாவின் பழைய குளியல் தொட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

தையல்காரம்மா பத்து நாள் பொறுத்தாள். பதினொன்றாம் நாள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"குடுத்துரேன். உன் தம்பிதானே?"

"தம்பிதான். அதனாலதான் குடுக்கல. வேத்தாள் பேசியிருந்தா குடுத்திருப்பேன்."

அப்படிச் சொன்னாளே தவிர, மறுநாள் காலை முட்டைகள் ஒட்டிய அட்டைத் துண்டுகளைத் துணியில் முடிந்துகொண்டு பண்ணைக்குக் கிளம்பினாள். முந்தைய நாள் ஒரு கோழி குடல் வெளியே வந்து செத்திருந்தது. அதன் முகம் அவளை விடவில்லை. தெரு முழுக்க என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு மூலையில் கொஞ்சம் தப்பியிருந்தது, இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம். வாசல் கதவில் கை வைத்தபோது உள்ளே தம்பி போனில் யாரோ உறவுக்காரரிடம் பேசுவது கேட்டது. "எல்லாம் எங்கக்கா பண்ணின கூத்து" என்றான். "தெருவுல நின்னவளை உள்ள கூப்பிட்டு வெச்சேன் பாருங்க, எனக்கு வேணும்."

முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். அதன் பிறகு அவள் ஒத்திகை பார்க்கவில்லை.

இரண்டரை மாதத்தில் கம்பெனி பண்ணையை எடுத்துக்கொண்டது. கறிக்கு ஏற்றிப் போக லாரி வந்த நாளில், கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகக் கொத்துக் கொத்தாகத் தூக்கி அடைத்தார்கள். பாதிக்கு மேல் கோழிக்கு முதுகில் இறகில்லை. தம்பி லாரியைப் பார்க்க வெளியே வரவில்லை. வேலைக்காரர்கள் ஆறு பேரும் அவரவர் துண்டையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கூண்டு கழுவுகிறவள் மட்டும் அவளிடம் வந்து, இனி எங்க போறதுக்கா என்று கேட்டாள். கேள்வி இல்லை அது, புலம்பல்தான். ஆனாலும் புழுக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, கீழே கிடந்த இறகுகளைப் பொறுக்கினாள். தம்பியைத் தண்டிக்கிறோம் என்று நினைத்தவளின் கணக்கில் இந்த ஆறு பேர் வரவே இல்லை. கோழிகளும் வரவில்லை.

தம்பி குடும்பத்தோடு இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டுக்குப் போனான். தீவன ஆலை ஒன்றில் மூட்டை எடைபோடும் வேலை கிடைத்தது. புழுக்கா தையல்காரம்மாவோடு தங்கிக்கொண்டாள். ஊரில் எவருக்காவது ஒரு பை புழுவை விற்றால்கூடச் செய்தி தம்பி காதுக்குப் போய்விடும். அதனால் பெருகினதையெல்லாம் வாரம் ஒருமுறை வெந்நீரில் போட்டுக் கொன்று, தெருக்கோடிக் குப்பையில் கொட்டினாள். விதைக்கு மட்டும் கொஞ்சம் நிறுத்திவைப்பாள். ஏன் நிறுத்திவைக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எட்டு மாதம் கழித்துச் சித்திக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. பார்க்க உறவுக்காரர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். புழுக்கா போனபோது தம்பி ஏற்கெனவே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். மூட்டைத் தூசியில் இருமல் பிடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான்.

பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பண்ணையில் வந்து நின்றது. ஒரு மாமா, விஷயம் தெரிந்தவர் மாதிரி, பெண்பிள்ளைகளிடம் தொழிலை விட்டால் இப்படித்தான் ஆகும் என்று புழுக்காவைப் பார்த்தும் பார்க்காமலும் சொன்னார். அறையில் எல்லாரும் அவரவர் விரலைப் பார்த்தார்கள்.

தம்பிதான் பேசினான்.

"அவளைச் சொல்லாதீங்க மாமா. அவ மேல தப்பில்ல. நான்தான் மருந்து அடிச்ச பழத்தைக் கொட்டினேன். வேணாம்னு முன்னாடி வந்து நின்னா. நான் கேக்கல. அப்புறம் பழியைத் தூக்கி அவ மேலயே போட்டேன். அந்தப் புழு விஷயம் மொத்தமும் அவ கண்டுபிடிச்சது. ஆறு வருஷம் தனியா கஷ்டப்பட்டது அவதான். நான் வாயை மட்டும் வாடகைக்கு விட்டேன்."

சித்தி கட்டுப்போட்ட கண்ணோடு அவன் குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினாள். தம்பி இருமி முடித்துவிட்டு மறுபடி சொன்னான்.

"நான் அத்தனை பண்ணியும் அவ மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. ஒரே ஒரு கைப்பிடி விதைப்புழு மிஞ்சியிருந்தாக்கூட, எடுத்து எனக்குக் குடுத்திருப்பா. எனக்குத் தெரியும். மிஞ்ச விடாம அழிச்சவன் நான்."

இந்த வார்த்தைகளுக்காகத்தான் அவள் இத்தனை காலம் காத்திருந்தாள். மேடையில் வரும் என்று பார்த்தாள், வண்டியில் வரும் என்று பார்த்தாள், தொட்டியருகே வரும் என்று பார்த்தாள். இப்போது வந்தது. நாலு பேர் நடுவில், முழுசாக, ஒரு சொல் குறையாமல் வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் அவளிடம் கை இல்லை.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி மகள் அத்தையை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னால் அவனுக்கு மிச்சமிருப்பது என்ன? தப்பு செய்தோம், ஒப்புக்கொண்டோம் என்கிற அந்த ஒரு சின்ன நிம்மதி. அதையும் பிடுங்கினால்தான் இவள் நெஞ்சு லேசாகும். இதுவா அதுவா என்று யோசிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

"பழசை எதுக்குப் பேசற, விடு," என்றாள்.

பெரிய மனசு என்று சித்தி சொன்னாள். மாமாகூடத் தலையசைத்தார். யாரோ ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைத் தையல்காரம்மாவிடம் சொன்னாள். சொல்லிட்டியா என்று மட்டும் அவள் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் அதைத் தெரிந்த இன்னொருத்தியோடு இருப்பது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டே போனது.

மழைக்காலம் முடிந்ததும் புழுக்கா கொசுவலைக் கூண்டை மடித்துப் பெட்டியில் வைத்து, கூட்டுப்புழுக்களை ஈரத் துணியில் சுற்றி, ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். முன்பின் தெரியாதவர்கள். தீவனத்தில் புழு கலக்கலாம் என்று அவள் சொன்னபோது முகம் சுளித்தார்கள், பிறகு நாலு மாதத்தில் தெளிந்தார்கள். இப்போது அங்கே ஐயாயிரம் கோழி. ஒன்றுக்கும் முதுகு சொட்டையில்லை. யாரும் அவளுக்குக் குறுக்கே பேசுவதில்லை. புதுக் கழிவு வந்தால் மூன்று நாள் காத்திருக்கிறார்கள்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறான். இருமலைப் பற்றி, மகள் படிப்பைப் பற்றிப் பேசுவான். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அங்கே என்ன வேலை செய்கிறாய் அக்கா என்று கேட்பான். கேட்டது மறந்துவிடுகிறதா, இல்லை வேறு பேச்சு இல்லையா, தெரியாது.

அவள் தொட்டிகளைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய், அந்தத் தூறல் சத்தம் போனில் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டு, முட்டை பிரிக்கிறேன் என்று சொல்வாள்.